கதிர் ஓநாயும் ஊர்க் குழுக்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், 'உயிரினங்களும் சொற்களும்' என்னும் அரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் யானையையும் மயிலையும் அன்றிலையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது எலியினத்தைச் சேர்ந்த ஒரு சிற்றுயிர். அதுவும் நம் நாட்டு உயிரன்று. பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து சைபீரியாவின் யெனிசெய் ஆறு வரை பரந்த வயல்வெளிகளில் வாழ்ந்துவந்த வயல் ஹாம்ஸ்டர். தமிழில் அதற்கு நிலைபெற்ற பெயர் இல்லாமையால் அப்பெயரையே வைத்துக்கொள்கிறேன். நகர வீடுகளில் கூண்டுக்குள் சக்கரம் சுற்றும் பொன்னிற ஹாம்ஸ்டரை நினைத்துக்கொள்ள வேண்டா. அது சிரியா நாட்டுப் பிறப்பு, வேறோர் இனம். வயல் ஹாம்ஸ்டர் அதனினும் பெரியது. முதுகு பழுப்பு, கன்னத்திலும் தோளோரத்திலும் வெண்திட்டுகள், வயிறு கன்னங்கரேல். பாலூட்டிகளில் முதுகினும் வயிறு கருத்திருப்பது அரிது. எதிரி வந்தால் பின்கால்களில் எழுந்து நின்று அக்கரிய வயிற்றைக் காட்டி உறுமும்.

தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சொல்தான் என்னை முதலில் இழுத்தது. செருமன் மொழியில் 'ஹாம்ஸ்டெர்ன்' என்றொரு வினைச்சொல் உண்டு. டச்சு மொழியிலும் அது 'ஹாம்ஸ்டெரென்' என வழங்குகிறது. தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்குதல் என்பது பொருள். இரு உலகப் போர்களின் காலத்திலும் அவற்றை அடுத்தும் நகர மக்கள் பசி தாங்காது மூட்டையுடன் ஊர்ப்புறம் சென்று, கையிலிருந்த பொருளைக் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கிவந்த பயணத்தை 'ஹாம்ஸ்டர்ப் பயணம்' என்றே அழைத்தனர். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் கடைகளின் அடுக்குகள் வெறுமையானபோது செருமானிய நாளேடுகள் எங்கும் அச்சொல்லே நிறைந்திருந்தது. அதே ஆண்டு சூலைத் திங்களில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அச்சொல்லுக்கு உரிய உயிரைத் தன் செந்நிறப் பட்டியலில் 'மிக அருகிய' இனமாகச் சேர்த்தது. நிலைமை மாறாவிடின் முப்பது ஆண்டுகளுக்குள் அது உலகினின்றே மறையக்கூடும் என்றும் எச்சரித்தது. அதன் பெயரால் ஒரு வினைச்சொல்லைத் தினமும் வழங்கிய மக்களில் எத்தனை பேர் அவ்வறிவிப்பைப் படித்திருப்பர் என்பது ஐயமே.

பதுக்குதலுக்கு வயலெலியை உவமையாக்கியது அவர்கள் மட்டுமன்று. புறநானூற்றின் 190ஆம் பாடலில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையில் நிரப்பும் எலியைப் போன்ற சிறுமனத்தாரின் நட்பு வேண்டா என்கிறான். புலி போன்ற ஊக்கமுடையார் நட்பே வேண்டும் என்கிறான். பாடலின் கருத்தில் எனக்கு மாறுபாடில்லை. ஆயினும் எலியின் பக்கம் ஒரு சொல் உண்டு. வயல் ஹாம்ஸ்டர் ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் மண்ணுக்கடியில் குளிர்காலத் துயிலில் கிடக்கும் உயிர். இடையிடையே விழித்து, சேர்த்துவைத்ததைத் தின்று, மீண்டும் துயிலும். கன்னத்தின் இருபுறமும் உள்ள பைகளில் மணிகளை அடைத்துச் சென்று, கிலோக் கணக்கில் அது சேர்க்கும் தானியம் பேராசையன்று. வசந்தம் வரையிலான உயிர்.

பழங்காலத்தில் அதைக் காப்பது பற்றி எவரும் கனவிலும் எண்ணியதில்லை. பயிர்ப்பகை என்றே அது கருதப்பட்டது. பிடித்துக் கொடுப்போர்க்கு ஊராட்சிகள் பரிசு வழங்கின. அதன் தோலை மேலாடையின் உட்புறம் வைத்துத் தைத்தனர். கிழக்குச் செருமனியில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தோலுக்காகப் பிடிப்போர் இருந்தனர். ஃபிரீட்ரிச் காப்ரியேல் சுல்ட்சர் என்னும் மருத்துவர் 1774இல் இவ்வொரு விலங்கைப் பற்றியே தனி நூல் எழுதி வெளியிட்டார் என்றால், அது எவ்வளவு பெருகிக் கிடந்தது என்பதை உணரலாம். ஊர்ப்புற மக்கள் அதற்கு இட்ட பெயர்களும் சுவையானவை. அல்சாஸ் வட்டார மொழியில் 'தானியப் பன்றிக்குட்டி'. நெதர்லாந்தின் லிம்பர்க் மாநிலத்தில் 'கோரன்வோல்ஃப்', அதாவது கதிர் ஓநாய். கையளவு உயிரை ஓநாய் என்று விளித்த உழவனின் எரிச்சல் அச்சொல்லில் இன்றும் கேட்கிறது. இன்று லிம்பர்க்கின் குல்பன் ஊர் மதுவடிப்பகம் ஒன்று அப்பெயரில் கோதுமை பியர் விற்கிறது. பகைவனாக இருந்தவன் வணிகச் சின்னம் ஆகிவிட்டான்.

நஞ்சும் பொறியும் வைத்துப் பிடித்த காலத்தில் அழியாத உயிர், பிடிப்பதை விட்டபின் அழியலாயிற்று. இதுவே இச்செய்தியில் நான் பெரிதும் வியந்த இடம். காரணம் வேளாண்மை மாறியதுதான். முன்னாளில் அறுவடை மெல்ல நடந்தது. கதிர் சிந்திக் கிடந்தது. அரிதாள் பல கிழமைகள் நின்றது. கோதுமையும் தீவனப் பயிரும் கிழங்கும் சிறுசிறு துண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் விளைந்தன. இன்று பெரும் இயந்திரம் ஒரே நாளில் ஒரு பரப்பை மொட்டையாக்கிவிடுகிறது. சில நாளில் அரிதாளும் உழப்படுகிறது. கோடையில் முதல் ஈற்றுக் குட்டிகளைப் பேணும் தாய், காலையில் கதிர்க்காட்டினுள் இருந்தவள், மாலையில் வெட்டவெளியில் நரிக்கும் பருந்துக்கும் முன் நிற்கிறாள். இரண்டாம் ஈற்றுக்கு வழியில்லை. குளிர்காலச் சேமிப்பும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு பெண் ஹாம்ஸ்டர் ஆண்டுக்குச் சராசரி இருபதுக்கு மேற்பட்ட குட்டிகள் ஈன்றது என்றும், இன்று ஐந்தாறு என்றும் அவ்வொன்றியம் குறிக்கிறது. ஈராண்டுக்கு மேல் வாழ்வது அரிதான உயிருக்கு இது தாங்கக்கூடிய இழப்பன்று.

அல்சாசில் இதனோடு மற்றொரு கேடும் சேர்ந்தது. அங்குக் கோதுமையும் குதிரைமசாலும் குறைந்து மக்காச்சோளம் பரந்தது. ஏப்பிரலில் ஹாம்ஸ்டர் துயில் நீங்கி வெளிவரும்போது மக்காச்சோள நிலம் வெறும் மண்ணாகக் கிடக்கும். பசியும் பாதுகாப்பின்மையும்தான் குறை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மத்தில்த் திசியே என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அதனினும் கொடிய ஒன்றை வெளிப்படுத்தியது. மக்காச்சோளத்தை முதன்மை உணவாக உண்ட தாய்கள் ஈன்ற குட்டிகளை உயிரோடே தின்றுவிட்டன. கோதுமையோடு தீவனச் செடியோ மண்புழுவோ உண்ட தாய்களின் குட்டிகளில் ஐந்தில் நான்கு பங்கு பாலுண்டு வளர்ந்தன. மக்காச்சோளம் உண்டவற்றின் குட்டிகளில் பிழைத்தவை நூற்றுக்கு ஐந்தே. மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டும் வடிவில் வைட்டமின் பி3 இல்லாமையே காரணம். அதைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் இயல்புக்கு மீண்டன.

இதே குறைபாடு மாந்தரிடம் பெல்லாக்ரா என்னும் நோயாக வந்தது. மக்காச்சோளத்தை முதலில் பயிரிட்ட நடு அமெரிக்கப் பழங்குடியினர் அதைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்தே உண்டனர். அதனால் அச்சத்து உடலிற் சேர்ந்தது. ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டுவந்தனர். சமைக்கும் முறையைக் கொண்டுவரவில்லை. ஏழை உழவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்நோயால் துன்புற்றன. அன்று மனிதர்க்கு நேர்ந்தது பின்னாளில் வளைக்குள் நேர்ந்தது. பிள்ளையைத் தின்னும் தாய் என்றதும் நாம் உடனே பழிக்கிறோம். அவளுக்கு எதைத் தின்னக் கொடுத்தோம் என்று கேட்க நெடுநாள் பிடிக்கிறது.

இனி, காக்க முன்வந்தோரைப் பற்றிக் கூறுகிறேன். சட்டம் முன்பே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணை இவ்விலங்கைக் கண்டிப்பான பாதுகாப்புக்கு உரியவற்றுள் சேர்த்திருந்தது. ஏட்டில் இருந்த சட்டத்தை வயலுக்கு இறக்கியவர்கள் உள்ளூர்க் குழுக்களே. நெதர்லாந்தில் 'டாஸ் என் போம்' என்றோர் அமைப்பு. பெயருக்குப் பேட்ஜரும் மரமும் என்று பொருள். செருமனியின் ஆகன் நகருக்கும் நெதர்லாந்தின் ஹேர்லன் நகருக்கும் இடையில், எல்லைக்கோட்டின் மீதே அமையவிருந்த தொழிற்பூங்கா ஹாம்ஸ்டர் வாழும் நிலத்தை விழுங்கும் என்று அது வழக்காடியது. வேலை தடைப்பட்டது, ஏடுகள் எள்ளி நகையாடின. பூங்கா பின்னர் எழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆரவாரத்தில்தான் நாட்டில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பது வெளிப்பட்டது. 1999இல் லிம்பர்க்கில் எஞ்சியிருந்த சிலவற்றைப் பிடித்து ராட்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினர். 2002இல் சிப்பே என்னும் சிற்றூரையொட்டிய வயல்களில் முதன்முதலாகத் திரும்ப விட்டனர்.

அச்சிலவற்றின் வழித்தோன்றல்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவின. குருதிக் கலப்பின்றி அவை நெடுநாள் நிலைக்கமாட்டா. ஆகவே பெல்சியத்திலிருந்தும் செருமனியிலிருந்தும் விலங்குகளைக் கொண்டுவந்து கலந்தனர். ஓர் ஊர்க் குழு மட்டும் தனித்து நின்று இதைச் செய்திருக்க இயலாது. ஆட்சி எல்லைகள் வேறு, மொழி வேறு, காப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அலுவலகங்கள் வேறு. ஆனால் மூன்று நாடுகள் கூடும் அம்மூலையில், காற்று கொணர்ந்து படியவைத்த லோயெஸ் என்னும் ஆழ்ந்த மென்மண் ஒன்றே. வளை தோண்ட ஏற்ற மண் அதுவே, கோதுமைக்கும் அதுவே, தொழிற்பேட்டைக்குச் சமதளம் தேடுவோர் கண்ணும் அதன் மீதே.

அல்சாசில் வழி வேறுவிதமாகச் சென்றது. அங்கும் உள்ளூர் அமைப்புகள் கூட்டிலிட்டு வளர்த்து வயலில் விட்டன. பாலூட்டிகளை ஆய்ந்து காக்கும் ஆர்வலர் குழு வளைகளைக் கணக்கிட்டது. 2001இல் 1,167 ஆக இருந்த வளைகள் 2007இல் 161 ஆகக் குறைந்தன என்னும் கணக்கு ஐரோப்பிய ஆணையத்தின் கைக்குச் சென்றது. 2011 சூன் 9ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், பிரான்சு தன் கடமையில் தவறியது எனத் தீர்ப்பளித்தது. ஒரு பேரரசு எலியிடம் தோற்றது என்று ஏடுகள் எழுதின. எனக்கு அத்தலைப்பு உடன்பாடன்று. தோற்கடித்தவர்கள் ஆண்டுதோறும் இளவேனிலில் சேற்றில் நடந்து துளைகளை எண்ணிய மனிதர்கள். அவர்கள் எண்ணாமல் விட்டிருந்தால் நீதிமன்றத்தின் முன் வைப்பதற்கு ஓர் எண்ணும் இருந்திராது.

ஆனால் தீர்ப்பு விதை விதைக்காது. தண்டம் வரும் என்னும் அச்சத்தில் அரசு அசையலாம். உழவன் ஏன் அசைய வேண்டும்? தன் நிலத்தில் ஹாம்ஸ்டர் இருப்பது தெரிந்தால் கட்டுப்பாடு வரும் என்று அஞ்சும் உழவன், வளையைக் கண்டாலும் வாய்திறக்கமாட்டான். காப்புச் சட்டம் கடுமையாகுந்தோறும் இந்த மௌனமும் கடுமையாகும். இதை உணர்ந்த பின்னரே அல்சாசில் வேலை உருப்படியாயிற்று என்பது என் கருத்து. 2013 முதல் நடந்த அலிஸ்டர் என்னும் திட்டத்தில் மாநில ஆட்சி, வேளாண் மன்றம், ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வாளர்கள், வனவிலங்குத் துறை ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்தனர். தனித்தனி உழவனிடம் துண்டு நிலம் கேட்பதை விட்டு, ஒரு பரப்பின் உழவர்கள் கூட்டாகச் சேர்ந்து, இவ்வளவு பங்கு நிலத்தில் கோதுமையோ குதிரைமசாலோ விளைவிப்போம், கதிரின் ஒரு பகுதியை அறுக்காமல் விடுவோம் என உடன்பட்டனர். இழப்புக்கு ஈடாகத் தொகை பெற்றனர். எந்தத் துண்டு யாருடையது என்பதை அவர்களே பேசி முடித்தனர். வரப்பு எங்கே என்பது ஹாம்ஸ்டருக்குத் தெரியாது. ஆகவே வரப்பைத் தாண்டிய உடன்பாடே அதற்குப் பயன்படும். தாய்களின் உணவுக்குறை தெரிந்தபின், ஒரே பயிரை விட்டுக் கலந்தும் அடுத்தடுத்தும் பயிரிடும் முறைகளையும் ஆராய்ந்தனர். அதே அல்சாசில், ஸ்ட்ராஸ்பர்க்கின் மேற்குப் புறவழி நெடுஞ்சாலை, எதிர்ப்புகளுக்கும் வழக்குகளுக்கும் இடையே, 2021 திசம்பரில் திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செருமனியில் 2018இல் செருமானிய வனவிலங்கு அறக்கட்டளை 'ஃபெல்ட்ஹாம்ஸ்டர்லாண்ட்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. ஹெசன், கீழ்ச் சாக்சனி, ரைன்லாண்ட்-ஃபால்ஸ், சாக்சனி-அன்ஹால்ட், தூரிங்கியா என ஐந்து மாநிலங்களில், அவ்வவ்விடத்து நிலப்பேணல் சங்கங்களும் இயற்கை ஆர்வலர் குழுக்களும் அதில் சேர்ந்தன. இவர்களின் வேலைமுறையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். இலக்கியக் கூட்டத்தில் இது வறட்சியாகப் படலாம், பொறுத்தருள்க.

அறுவடை முடிந்து அரிதாளை உழுவதற்குமுன் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. அதற்குள் தன்னார்வலர்கள் வரிசையாக, சில மீட்டர் இடைவிட்டு, வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறார்கள். ஆசிரியர், ஓய்வுபெற்றோர், மாணவர், உழவர் எனப் பலர். தேடுவது துளையை. வயல்சுண்டெலியின் துளை சிறிது. ஹாம்ஸ்டரின் துளையில் குழந்தையின் கை நுழையும். நேர்கீழாக இறங்கும் துளையின் வாயில் தோண்டிய மண் இராது. ஆபத்தில் தொப்பென்று விழுந்து மறைவதற்கானது அது. சாய்ந்து செல்லும் மற்றொரு துளையின் வாயில் மண் குவிந்திருக்கும். இளவேனிலில் துளையைச் சுற்றிப் பயிர் வட்டமாகக் கறித்து உண்ணப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்தபின், அடுத்த வேலை உழவரின் வீட்டு வாயிலில் தொடங்குகிறது. இந்த வளையைச் சுற்றி ஒரு பட்டைக் கதிரை நிற்கவிட முடியுமா? தாளை அடியோடு வெட்டாமல் கதிரை மட்டும் உயரத்தில் அறுக்க முடியுமா? உழவைச் சில கிழமை தள்ளிப்போட முடியுமா? ஓரத்தில் குதிரைமசால் விதைக்க முடியுமா? வற்புறுத்தல் இல்லை, உடன்பட்டால் ஈட்டுத்தொகை உண்டு. மறுத்தால் அடுத்த ஆண்டு மீண்டும் போய்க் கேட்க வேண்டியதுதான்.

கூண்டில் வளர்த்து விடுதலை செய்யும் காட்சியே ஏடுகளுக்குப் பிடிக்கிறது. ஹைடல்பர்க் காட்சிச்சாலையில் வளர்த்து மன்ஹைம் வயல்களில் விடுகிறார்கள், அதுவும் வேண்டியதே. எனினும் அறுக்காத கதிர் இல்லாத வயலில் விடப்படும் ஹாம்ஸ்டர் நரிக்கு உணவு. நெதர்லாந்திலும் விடுவித்தபின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. படம் எடுக்கத் தகாத அந்த நிற்கவிட்ட பட்டைக் கதிரையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வியன்னா நகரத்து வயல் ஹாம்ஸ்டர்கள் விந்தையானவை. வயல் மறைந்த இடத்தில் அவை இடுகாடுகளில் குடியேறிவிட்டன. மைட்லிங் இடுகாட்டிலும் நடுவண் இடுகாட்டிலும் கல்லறைப் பூக்களைத் தின்கின்றன. விளக்கில் எஞ்சிய மெழுகையும் நக்குகின்றன. இறந்தோரிடம் கிடைத்த அமைதி உயிரோடிருப்போரிடம் கிடைக்கவில்லை போலும். அந்நகரில் கட்டுமான வேலை ஒன்றால் எழுந்த வழக்கில்தான், திரும்பி வர வாய்ப்பிருக்குமானால் ஆளில்லாத வளையும் காக்கப்பட வேண்டும் என்று 2020 சூலை 2ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் விளக்கியது. வீட்டாள் வெளியூர் சென்றிருக்கும்போது வீட்டை இடிக்கலாகாது என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இறுதியாகப் பணத்தைப் பற்றி ஒரு சொல். இம்முயற்சிகள் யாவும் உடன்பாட்டுக் காலத்தையும் ஈட்டுத்தொகையையும் நம்பி நிற்பவை. 2022இல் உக்ரைன் போரால் கோதுமை விலை திடீரென உயர்ந்தது. விலை தாழ்ந்த ஆண்டில் கணக்கிட்ட ஈட்டுத்தொகைக்கு ஒரு பட்டைக் கதிரை மண்ணில் விட ஒப்பிய உழவர்க்கு, அதே பட்டை அவ்வாண்டு மிகுந்த இழப்பாகத் தோன்றாமல் இராது. தொகையை விலையோடு சேர்த்து உயர்த்தும் வழி உடன்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்பேன். அறுவடைக்குப்பின் வாயிலில் வந்து நிற்கும் தன்னார்வலரை உழவர் உள்ளே அழைத்து அமரச் செய்வதும், அடுத்த வளை எங்கே என்று தாமே காட்டுவதும் அத்தொகை நேராக வந்துசேர்வதைப் பொறுத்தவை.